ஷெஃபீல்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: முதல் மூன்று மாதத்தில் செய்ய வேண்டியவை

ஒவ்வொரு ஆகஸ்டிலும் யாராவது ஒரு தம்பியோ தங்கையோ மேப்பில் ஒரு புள்ளியைக் குறித்து எனக்கு அனுப்புவார்கள். "அக்கா, யுனிவர்சிட்டியிலிருந்து பதினெட்டு நிமிஷ நடைதான், வாடகையும் குறைவு. எடுத்துக்கலாமா?" என்று கேட்பார்கள். நான் முதலில் திருப்பிக் கேட்பது, "அந்தத் தெரு ஏற்றமா, சமதளமா?" என்பதைத்தான். ஏழு குன்றுகளின் மேல் எழுந்த ஊர் என்று இங்கிலாந்தின் இந்த ஷெஃபீல்டைச் சொல்வார்கள். குன்றுகளுக்கு நடுவே டான், ஷீஃப், போர்ட்டர், லாக்ஸ்லி, ரிவலின் என்று ஐந்து ஆறுகள். பிளேக் ஸ்ட்ரீட் என்று ஒரு தெரு இருக்கிறது, நடந்து ஏறுகிறவர்கள் பிடித்துக்கொள்ள ஓரத்தில் கம்பியே போட்டிருக்கிறார்கள். 2014இல் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் ஒரு கட்டம் இந்த ஊரில் முடிந்தது. அன்றைக்கு ஜென்கின் ரோட்டு ஏற்றத்தில் பெரிய பெரிய வீரர்களே திணறினார்கள். பத்து கிலோ அரிசிப் பையோடு நவம்பர் மழையில் நீங்கள் தினமும் ஏறப்போவதும் அப்படி ஒரு தெருவாக இருக்கலாம். மேப் இதைச் சொல்லாது. அறையை முடிவு செய்யும் முன், மேப்பில் சைக்கிள் வழியைத் தட்டிப் பாருங்கள், எத்தனை மீட்டர் ஏற்றம் என்று காட்டும்.

ஆராய்ச்சி மாணவியாக இங்கே வந்து, பிறகு வேலை கிடைத்துத் தங்கிவிட்டவள் நான். இத்தனை வருடத்தில் நான் கண்டது ஒன்றுதான். இந்த ஊரில் உதவிக்குக் குறைவில்லை, ஆனால் முன்னாடியே போய்ப் பெயர் பதிந்து வைத்திருப்பவருக்குத்தான் அது சுலபமாகக் கைக்கு எட்டும். காய்ச்சல் வந்த பிறகு டாக்டரைத் தேடுவதும், வீட்டுக்காரரோடு சண்டை வந்த பிறகு ரசீதைத் தேடுவதும் இங்கே ரொம்பக் கஷ்டம். அதனால் எதை எப்போது செய்ய வேண்டுமோ அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

பெட்டி கட்டும்போது

விசா இப்போது பாஸ்போர்ட்டில் ஒட்டும் அட்டையாகவோ கையில் தரும் கார்டாகவோ வருவதில்லை, இ-விசாதான். ஊரில் இருக்கும்போதே அந்த ஆன்லைன் கணக்கைத் திறந்து, பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். நம் பெயர்களில் இனிஷியல், அப்பா பெயர் என்று குழப்பம் வருவது சகஜம். இங்கே வீடு பார்க்கவும் வேலைக்குச் சேரவும் அந்தக் கணக்கிலிருந்து எடுக்கும் ஷேர் கோடைத்தான் (உங்கள் விசாவை அவர்கள் சரிபார்க்க உதவும் குறியீடு) கேட்பார்கள்.

நெய், பால்கோவா, இறைச்சி எதையும் வைக்காதீர்கள். பால், இறைச்சிப் பொருள்களை இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கொண்டுவரத் தடை இருக்கிறது. பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். பருப்புப்பொடி, வற்றல், மசாலாப் பொடிகள் தாராளமாக வரலாம். மின்சாரம் நம்மூர் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் மிக்ஸி ஓடும், பிளக்தான் வேறு மாதிரி. குக்கர் வாங்குவதானால் அடிப்பாகம் இண்டக்‌ஷனுக்கு ஒத்துவரும் ஸ்டீல் குக்கராக வாங்குங்கள். விடுதிகளில் கேஸ் அடுப்பு இருப்பது அரிது. நான் கொண்டுவந்த அலுமினியக் குக்கர் ஒரு வருடம் அலமாரியில்தான் கிடந்தது.

இதையெல்லாம் விட முக்கியம் பல். என்எச்எஸ் (இங்கத்து அரசுப் பொது மருத்துவச் சேவை) கட்டணத்தில் பார்க்கும் பல் மருத்துவர் புதியவர்களைச் சேர்த்துக்கொள்வது இப்போது அபூர்வம். சொத்தைப்பல்லை ஊரிலேயே அடைத்துவிட்டு வாருங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் இன்னொரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள்.

வந்து இறங்கும் நாள்

மான்செஸ்டர் விமான நிலையம்தான் பக்கம். அங்கிருந்து ரயிலில் மான்செஸ்டர் பிக்கடில்லி வந்து, ஷெஃபீல்டு ரயிலுக்கு மாறுங்கள். பிக்கடில்லியிலிருந்து ஏறக்குறைய ஐம்பது நிமிடம். செப்டம்பரில் பல்கலைக்கழகம் பஸ் அனுப்புகிறதா என்று உங்களுக்கு வந்த மின்னஞ்சல்களில் தேடிப் பாருங்கள், இருந்தால் அதிலேயே வந்துவிடுவது நல்லது. இரண்டு பெரிய பெட்டியோடு ரயில் மாறுவது லேசான வேலை கிடையாது.

வங்கிக் கணக்குக்கு மான்சோ போன்ற செயலி வங்கிகள் சீக்கிரம் திறந்து கொடுக்கும். கிளை வைத்திருக்கும் வங்கிகளுக்குப் பல்கலைக்கழகம் தரும் வங்கிக் கடிதம் வேண்டும், அதை முதல் வாரமே கேட்டு வாங்கிவிடுங்கள்.

முதல் வாரம்: டாக்டர்

மற்றதெல்லாம் இரண்டு நாள் தள்ளினாலும் பரவாயில்லை, இதைத் தள்ளாதீர்கள்.

ஜிபி என்றால் உங்கள் பகுதிக்கான பொது மருத்துவர். தலைவலியிலிருந்து பெரிய நோய் வரைக்கும் முதல் கதவு அவர்தான். நம்மூர் மாதிரி நேராக ஸ்பெஷலிஸ்ட்டிடம் போய் டோக்கன் வாங்க முடியாது, ஜிபி எழுதிக் கொடுத்தால்தான் போகலாம். விசா எடுக்கும்போதே மாணவர்கள் வருடத்துக்கு 776 பவுண்டு சுகாதாரக் கட்டணம் கட்டியிருக்கிறீர்கள். கட்டிய பிறகும் ஜிபியிடம் பதியாமல் ஒரு வருடம் ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பொறுக்காது. பதிவுக்குப் பணம் கிடையாது. முகவரிச் சான்று இல்லை, அடையாள அட்டை இல்லை என்று உங்களைத் திருப்பி அனுப்ப விதி இடம் கொடுக்கவில்லை. பெரும்பாலும் ஆன்லைனிலேயே முடிந்துவிடும். முடிந்ததும் என்எச்எஸ் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

என் முதல் நவம்பரில் ஒரு ராத்திரி பதினொரு மணிக்குக் காதுக்குள் ஊசி குத்துவது போல வலி எடுத்தது. அப்போது நான் எங்கும் பதிந்திருக்கவில்லை. எதிர் அறைப் பெண் என்எச்எஸ் உதவி எண்ணான 111ஐ அழைக்கச் சொன்னாள். எடுத்தவர் பொறுமையாக இருபது கேள்வி கேட்டார். சீழ் வருகிறதா, கழுத்தைக் குனிய முடிகிறதா, வெளிச்சம் பார்த்தால் கண் கூசுகிறதா என்றெல்லாம். கழுத்தையும் வெளிச்சத்தையும் எதற்குக் கேட்கிறார் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. மூளைக்காய்ச்சலா என்று பார்க்கத்தான் கேட்டிருக்கிறார். இப்போது போக வேண்டியதில்லை, காலையில் போனால் போதும் என்று சொல்லி, எங்கே போக வேண்டும் என்றும் சொன்னார். அந்தப் பத்து நிமிடம் எனக்கு எவ்வளவு தெம்பாக இருந்தது என்று இப்போதும் நினைவிருக்கிறது. 111 இலவசம், ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள். தமிழில் பேசத்தான் வரும் என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், அதற்கும் பணம் இல்லை.

ஜிபியைப் பார்க்கப் பெரும்பாலான இடங்களில் காலை எட்டு மணிக்குப் போன் செய்ய வேண்டும். எட்டு ஐந்துக்கு அழைத்தால் வரிசையில் பதினைந்தாவது ஆளாக இருப்பீர்கள். ரிசப்ஷனில் இருப்பவர் என்ன உடம்புக்கு என்று கேட்பார். கூச்சப்படாமல் சொல்லுங்கள், யாரிடம் அனுப்புவது என்று முடிவு செய்யத்தான் கேட்கிறார். எத்தனை நாளாக இருக்கிறது, காய்ச்சல் எத்தனை டிகிரி, என்ன மாத்திரை போட்டீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசினால் வேலை சுலபம்.

சின்ன விஷயங்களுக்கு ஜிபி வரை போகவும் வேண்டாம். 2024 ஜனவரி கடைசியிலிருந்து தொண்டை வலி, சைனஸ், சீழ் பிடித்த பூச்சிக்கடி, பெண்களுக்கு வரும் சிறுநீர்த் தொற்று போன்ற சிலவற்றுக்கு மருந்துக்கடைக்காரரே பார்த்து மருந்து கொடுக்கலாம். என்எச்எஸ் மருந்துச் சீட்டுக்கு, எவ்வளவு மாத்திரை என்றாலும், ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு. மாதாமாதம் இரண்டு மூன்று மருந்து வாங்குகிறவர்கள் மருந்துக் கட்டணத்தை மொத்தமாக முன்கூட்டிக் கட்டும் முன்பணச் சான்றிதழ் எடுத்தால் மிச்சமாகும். வருமானம் குறைந்தவர்கள் மருந்துச் செலவில் உதவி கேட்டு HC1 படிவம் நிரப்பி விண்ணப்பிக்கலாம், மாணவர்களில் நிறையப் பேருக்குத் தெரியாத சலுகை இது.

இன்னொன்றை இப்போதே மனதில் வையுங்கள். ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்துப் பக்கம் உயரமாகத் தெரிகிற ராயல் ஹாலம்ஷயர் ஆஸ்பத்திரியில் பெரியவர்களுக்கான அவசரப் பிரிவு கிடையாது. அங்கே இருப்பது சிறு காயங்களுக்கான பிரிவுதான். அவசரப் பிரிவு ஊரின் வடக்கே நார்தர்ன் ஜெனரலில் இருக்கிறது. குழந்தைகளுக்கு வெஸ்டன் பார்க் அருகே தனி ஆஸ்பத்திரி. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பெரிய விபத்து என்றால் டாக்சி தேடாமல் 999ஐ அழையுங்கள், ஆம்புலன்ஸுக்குக் காசு கேட்க மாட்டார்கள்.

அம்மா அப்பா உங்களைப் பார்க்க விசிட் விசாவில் வருவதாக இருந்தால் பயணக் காப்பீடு இல்லாமல் விமானம் ஏற்றாதீர்கள். அவர்களை ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால் என்எச்எஸ் வழக்கமான செலவைப் போல ஒன்றரை மடங்கு வசூலிக்கும்.

வீடு

முதல் வருடம் பல்கலைக்கழக விடுதியில் இருந்துவிட்டு, ஊரின் மேடுபள்ளம் பழகியபின் வெளியே வீடு பார்ப்பது நல்லது என்பது என் எண்ணம். க்ரூக்ஸ், வால்க்லி, ஷாரோ, எக்கிள்சால் ரோடு, புரூம்ஹில் என்று மாணவர்கள் வாழும் பகுதிகள் பல. ஊரின் இன்னொரு பல்கலைக்கழகமான ஹாலமின் முக்கிய வளாகம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அங்கே படிப்பவர்களுக்கு ஷாரோ, லண்டன் ரோடு பக்கம் வசதி. அடுத்த வருடத்து வீட்டை நவம்பரிலேயே பிடிக்காவிட்டால் தெருவில் நிற்போம் என்று ஒரு பயம் எல்லாரையும் தொற்றும். அவசரப்பட வேண்டாம், வசந்தத்திலும் வீடு இருக்கும்.

வீட்டைப் பார்க்காமல் ஒரு பென்னி அனுப்பாதீர்கள். "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் போட்டால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்று சொல்கிறவர் எல்லாருமே ஏமாற்றுக்காரர்கள்தான். நேரில் போனால் பெயிண்டைப் பார்க்காமல் மூலைகளைப் பாருங்கள். அலமாரியை ஒரு கை அளவு நகர்த்தி அதன் பின் சுவரில் கருப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா பாருங்கள். ஜன்னல் சட்டத்தின் அடியில் விரலை வைத்தால் ஈரம் ஒட்டுகிறதா, கதவைத் திறந்ததும் நனைந்த துணி வாடை அடிக்கிறதா என்றும் கவனியுங்கள். குழாயைத் திறந்து வெந்நீர் வர எவ்வளவு நேரமாகிறது என்று எண்ணுங்கள். இப்போது இருக்கும் பையன்களிடம் ஜனவரியில் கேஸ் பில் எவ்வளவு வந்தது என்று கேளுங்கள், உள்ளதைச் சொல்வார்கள்.

நம்மூரில் அட்வான்ஸ் பத்து மாதம் கேட்பார்கள். இங்கே அதற்கு டெபாசிட் என்று பெயர், ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்று 2019 ஜூனிலிருந்து சட்டம் இருக்கிறது. வாரத்துக்கு 100 பவுண்டு என்றால் அதிகபட்சம் 500. வீட்டைப் பிடித்து வைக்கும் பணம் ஒரு வார வாடகை மட்டும். பத்திரக் கூலி, நிர்வாகக் கட்டணம் என்று எதையும் வாங்கக் கூடாது. 2026 மே மாதத்திலிருந்து தனியார் வீடுகளில் ஒரு மாதத்துக்கு மேல் வாடகையை முன்கூட்டிக் கேட்கவும் முடியாது. டெபாசிட்டை வீட்டுக்காரர் தன் கணக்கிலேயே வைத்துக்கொள்ள முடியாது. அரசு ஏற்ற மூன்று பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில் 30 நாளுக்குள் பதிந்து, அந்த விவரத்தை உங்களுக்குத் தர வேண்டும். 31ஆம் நாள் கேளுங்கள்.

சாவி வாங்கிய அன்றைக்கே, பெட்டியை உள்ளே கொண்டுபோகும் முன், ஒவ்வொரு அறையையும் போட்டோ எடுங்கள். கார்ப்பெட், மெத்தை, அடுப்பின் உட்புறம், மீட்டர் எண் எல்லாம் சேர்த்து. அவற்றை வீட்டுக்காரருக்கு அன்றே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். நான் ஒரு வீட்டைக் காலி செய்தபோது கார்ப்பெட்டில் இஸ்திரிப்பெட்டித் தழும்பு இருக்கிறது என்று 180 பவுண்டு பிடித்தார்கள். குடிவந்த நாளில் எடுத்த போட்டோவில் அதே தழும்பு, அதே இடத்தில் இருந்தது. பாதுகாப்புத் திட்டத்தின் இலவச விசாரணைக்கு அந்தப் போட்டோவை அனுப்பினேன். பணம் முழுசாகத் திரும்பி வந்தது.

கவுன்சில் டாக்ஸ் நம்மூர் வீட்டு வரி மாதிரி என்றாலும், இங்கே குடியிருப்பவர்தான் கட்ட வேண்டும். வீட்டில் எல்லாருமே முழுநேர மாணவர்கள் என்றால் கட்ட வேண்டாம், ஆனால் விலக்குக்கு விண்ணப்பிக்க வேண்டும். கடிதம் வந்தால் மாணவர்தானே என்று மூலையில் போட்டுவிடாதீர்கள், அது கோர்ட் வரை போகும். ஒருவர் மாணவர், இன்னொருவர் வேலைக்குப் போகிறவர் என்றால் நூற்றுக்கு 25 தள்ளுபடி கேட்கலாம்.

முகவரி உறுதியானதும் வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்த்துவிடுங்கள். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் குடிமக்கள் காமன்வெல்த் நாட்டவர் என்பதால் இங்கே கவுன்சிலர் தேர்தலிலும் நாடாளுமன்றத் தேர்தலிலும் ஓட்டுப் போடலாம். நம்மவர்களிலேயே பாதிப் பேருக்கு இது தெரியாது. அடையாளத்துக்கு நம் பாஸ்போர்ட் போதும். பட்டியலில் பெயர் இருந்தால் பின்னால் போன் ஒப்பந்தம், கடன் எல்லாவற்றுக்கும் உதவும்.

குளிர்காலத்தில் வீட்டைப் பராமரிப்பது தனி வித்தை. துவைத்த துணியை ரேடியேட்டரில் போட்டு ஜன்னலை இறுக்கிச் சாத்தினால் அந்த ஈரம் முழுதும் சுவரில் போய் உட்காரும், ஒரே மாதத்தில் பூஞ்சை. துணி காயும்போது ஒரு ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வையுங்கள். காலையில் கண்ணாடியில் முத்து முத்தாக நிற்கும் தண்ணீரைப் பழைய துணியால் துடைத்துவிடுங்கள். சோறு வடிக்கும்போது மூடி போடுங்கள். ஹீட்டரை முழுதாக அணைத்துவிட்டு ராத்திரி மட்டும் உச்சத்தில் வைப்பதைவிட, காலையும் மாலையும் டைமர் வைத்து மிதமாக ஓட்டுங்கள். கேஸ் வாடை வந்தால் 0800 111 999, மின்சாரம் போனால் 105.

பஸ், டிராம், ரயில்

பஸ் வரும்போது கையை நீட்ட வேண்டும். நீட்டாவிட்டால் நிற்காமல் போய்விடலாம். இறங்கும்போது டிரைவருக்கு நன்றி சொல்வது இந்த ஊர்ப் பழக்கம், குழந்தைகள் முதல் தாத்தாக்கள் வரை எல்லாரும் சொல்வார்கள், நீங்களும் சொல்லுங்கள். 2025 முதல் இங்கிலாந்தில் பெரும்பாலான பஸ்களில் ஒரு பயணத்துக்கு 3 பவுண்டு உச்சவரம்பு. புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஃபர்ஸ்ட் கம்பெனியின் நாள் டிக்கெட்டை வைத்து ஸ்டேஜ்கோச் பஸ்ஸில் ஏற முடியாது. இரண்டிலும் போகிறவர்கள் டிராவல்மாஸ்டர் டிக்கெட் எடுக்க வேண்டும். 18 முதல் 21 வயதுக்காரர்களுக்குச் சலுகை அட்டை இருக்கிறது.

டிராம் 1994இல் ஓட ஆரம்பித்தது. கண்டக்டர் வந்து டிக்கெட் கொடுப்பார். நீல வழியும் மஞ்சள் வழியும் ஷெஃபீல்டு பல்கலைக்கழக நிறுத்தத்தில் நிற்கும், மஞ்சள் வழி மெடோஹால் வணிக வளாகம் வரை போகும். பனி பெய்து மலைத் தெருக்களில் பஸ் நின்றுபோகும் நாளில் டிராம்தான் துணை.

ரயிலுக்கு 16-25 ரயில்கார்டு வாங்கினால் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும், 26 வயது தாண்டிய முழுநேர மாணவர்களும் வாங்கலாம். டிசம்பர் 25 அன்று ரயில் ஓடாது, கடைகளும் மூடியிருக்கும். அதற்கு முந்தின நாளே சமையல் சாமான் வாங்கிவிடுங்கள்.

சமையலும் கடையும்

விடுதியில் நம்மவர்கள் செய்யும் முதல் தவறு, சமையலறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தாளிப்பது. கடுகு வெடித்து, மிளகாய் கருகி, அந்தப் புகை வராந்தாவில் இருக்கும் அலாரத்துக்கு எட்டினால் கட்டிடம் முழுதும் அலறும். நள்ளிரவாக இருந்தாலும் முந்நூறு பேர் செருப்பில்லாமல் வாசலில் வந்து நிற்பார்கள். அந்தக் கதவு நெருப்புத் தடுப்புக் கதவு, மூடியே இருக்க வேண்டும். மேலே இருக்கும் புகைபோக்கியை முதலில் போடுங்கள், எண்ணெய் மிதமாகக் காய்ந்ததும் தாளியுங்கள், காய்ந்த மிளகாயைக் கடைசியில் போடுங்கள்.

கறிவேப்பிலை, உளுத்தம்பருப்பு, இட்லி அரிசி, தேங்காய்த்துருவல் எல்லாம் லண்டன் ரோடு, அபிடேல் ரோடு, ஸ்பிட்டல் ஹில் பக்கத்து ஆசியக் கடைகளில் தேடினால் கிடைக்கும். கறிவேப்பிலையைக் கழுவி ஈரம் போகத் துடைத்து ஃப்ரீசரில் வைத்தால் ஒரு மாதம் தாங்கும். மீனுக்கு 2013இல் திறந்த மூர் மார்க்கெட்டுக்குப் போங்கள். மேக்கரல் என்று எழுதியிருப்பது நம் கானாங்கெளுத்திக்குச் சொந்தக்காரன், புளி ஊற்றிக் குழம்பு வைத்தால் மறுநாள்தான் ருசி. சுத்தம் செய்து கொடுங்கள் என்றால் கொடுப்பார்கள், ஆனால் முதுகெலும்பை எடுத்துவிடுவது அவர்கள் வழக்கம். குழம்புக்குத் துண்டு துண்டாக வேண்டும், தலையும் வேண்டும் என்று கையால் காட்டிச் சொல்லுங்கள்.

இட்லி மாவு இங்கத்துக் குளிரில் இரண்டு நாள் ஆனாலும் அசையாது. மின்சார ஓவனில் சூடு வைக்காமல் உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் போட்டு, பாத்திரத்தை மூடி ராத்திரி முழுதும் வையுங்கள். காலையில் பொங்கி நிற்கும். ஓவனில் மாவு இருக்கிறது என்று ஒரு சீட்டு எழுதி ஒட்ட மறக்காதீர்கள், கூட இருப்பவர்கள் பீட்சா சுட ஓவனைப் போட்டுவிடுவார்கள்.

பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரம்தான் திறந்திருக்கும். சாயங்காலம் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய சாமான்கள் பாதி விலைக்கும் கீழே வரும். குளிர்காலக் கோட்டு நம்மூரில் வாங்காதீர்கள், அங்கே கிடைப்பது இந்தக் காற்றுக்குத் தாங்காது. புரூம்ஹில், எக்கிள்சால் ரோடு பக்கம் அறக்கட்டளைகள் நடத்தும் பழைய பொருள் கடைகளில் நல்ல கோட்டு மலிவாகக் கிடைக்கும். குடை வாங்கவே வேண்டாம், குன்றின் மேல் காற்று அதைத் திருப்பிப் போட்டுவிடும். தொப்பி வைத்த மழைக்கோட்டு வாங்குங்கள்.

குப்பை

கருப்புத் தொட்டி பொதுக் குப்பைக்கு, நீலம் காகிதம் அட்டைக்கு, பழுப்பு கண்ணாடி, தகர டப்பா, பிளாஸ்டிக் பாட்டிலுக்கு. எந்தத் தெருவுக்கு என்றைக்கு என்பது கவுன்சில் தளத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் வரும். முந்தின ராத்திரியே தெருவில் வைத்து, மறுநாள் உள்ளே எடுத்துவிடுங்கள். கருப்புத் தொட்டியில் போடுவதை பெர்னார்ட் ரோடு ஆலையில் எரித்து, அந்தச் சூட்டைக் குழாய் வழியாக நகரத்துக் கட்டிடங்களுக்கு அனுப்புகிறார்கள்.

வேலை

பட்டப்படிப்பு மாணவர்கள் படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். ஒரு வாரம் 25, அடுத்த வாரம் 15, சராசரி 20 என்று கணக்குப் போடக் கூடாது, ஒவ்வொரு வாரமும் 20தான். மாணவர் விசாவில் சொந்தத் தொழில் செய்ய அனுமதி இல்லை. செயலி மூலம் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் வரும். நண்பர் ஒருவர் தன் செயலிக் கணக்கை வாடகைக்குத் தருகிறேன் என்று சொன்னால் கும்பிடு போட்டு ஒதுங்கிவிடுங்கள். விசாவே போய்விடும், வீட்டில் அடகு வைத்த நகையும் சேர்ந்து போகும். 21 வயது நிறைந்தவருக்கு 2026 ஏப்ரல் முதல் மணிக்குக் குறைந்தது 12.71 பவுண்டு கொடுக்க வேண்டும். கையில் ரொக்கமாகக் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் ஒரு நாள்கூட நிற்காதீர்கள்.

ஊர்ப் பேச்சு

ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் எட்டு வாங்கியவர்களுக்கும் முதல் வாரம் பஸ் டிரைவர் பேசுவது புரியாது. கவலைப்படாதீர்கள், காது பழகும். கடைக்காரர் உங்களை "லவ்" என்றோ "டக்" என்றோ கூப்பிட்டால் நம்மூரில் "கண்ணு" என்று கூப்பிடுவது மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். "யூ ஆல்ரைட்?" என்றால் வணக்கம் என்று பொருள், உடம்புக்கு என்ன என்று விசாரிக்கவில்லை. "டீ" சாப்பிட வா என்றால் ராத்திரிச் சாப்பாடு, பிஸ்கட்டோடு நிற்காது. "பிரெட்கேக்" இனிப்பு இல்லாத பன். "ஜென்னல்" என்றால் சன்னல் இல்லை, வீடுகளுக்கு இடையே ஓடும் சந்து. வேலை செய்கிற இடத்தில் "நைன் வைல் ஃபைவ்" என்று சொன்னால் ஒன்பதிலிருந்து ஐந்து வரை. இந்த "வைல்" தெரியாமல் நேரம் தவறியவர்கள் உண்டு.

நாலு மணிக்கே இருட்டினால்

அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். டிசம்பரில் சூரியன் நாலு மணிக்கு முன்பே மறைந்துவிடும். வகுப்பு முடிந்து வெளியே வந்தால் ராத்திரி. முதல் வருடம் பலருக்கு இந்த இருட்டில்தான் மனசு இறங்குகிறது. காரணம் தெரியாமல் அழுகை வரும், ஊருக்கே போய்விடலாம் என்று தோன்றும். குளிர்காலத்தில் எல்லாருமே தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுக்கலாம் என்பது என்எச்எஸ் சொல்லும் யோசனை. நம்மைப் போல நிறம் உள்ளவர்களுக்கு வருடம் முழுக்கச் சொல்கிறார்கள். சூப்பர்மார்க்கெட்டிலேயே கிடைக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் மனசு எழவில்லை என்றால் அதையும் ஜிபியிடம் சொல்லுங்கள், பல்கலைக்கழகத்தில் ஆலோசகர்களும் இருக்கிறார்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

வெளிச்சம் இருக்கும் நேரத்தில் வெளியே போங்கள். தாவரவியல் பூங்காவுக்கும் வெஸ்டன் பார்க் அருங்காட்சியகத்துக்கும் கட்டணம் இல்லை. சர்ரே ஸ்ட்ரீட் மத்திய நூலகத்தில் இலவச அட்டை வாங்கிச் சூடாக உட்கார்ந்து படிக்கலாம். ஷெஃபீல்டு எல்லையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது, அப்படி ஒரு ஊர் கிடைத்தது நமக்கு அதிர்ஷ்டம். சனிக்கிழமை காலை ஹேதர்சேஜுக்கு ரயில் ஏறினால் அரை மணிக்குள் இறங்கிவிடலாம். அங்கிருந்து ஸ்டானேஜ் பாறை விளிம்பு வரை நடை. புளிச்சோறு கட்டிக்கொள்ளுங்கள், ஒரு ஜோடி உலர்ந்த காலுறை பையில் இருக்கட்டும். மேலே போன் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும், திரும்பும் ரயில் நேரத்தை ஸ்டேஷனிலேயே போட்டோ எடுத்துவிட்டு நடக்க ஆரம்பியுங்கள்.